அந்த 24 நிமிடங்களை முடிவு செய்தது யார்? இணையதளம் கட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையதளங்களை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்கு நிரல் எழுதுபவர்களுக்கும், 'இத்தனை நிமிடத்தில் பயனரை வெளியேற்று' என்ற கொள்கைக்கு ஒப்புதல் தரும் பாதுகாப்புப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி. இந்தப் பணியை ஏன் செய்ய விரும்புகிறீர்கள் என்று விரிவாக எழுதச் சொன்னார்கள். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத சில விஷயங்களை அன்றுதான் முதல்முறையாக வார்த்தையில் கொண்டுவந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். திருப்தியாக ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு 'சேமி' பொத்தானை அழுத்தினேன்.

லாகின் பக்கம் வந்தது. உங்கள் செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையுங்கள் என்று ஒரே ஒரு வரி. ஒருமுறை உள்நுழைந்த ஆளைத் தளம் நினைவில் வைத்திருக்கும் காலம்தான் செஷன். சரி என்று பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போனேன். தளம் என்னை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. படிவத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனால், பெட்டி காலி.

அன்று இரவே மறுபடி எழுதி அனுப்பினேன். ஆனால் முதல் முறை வந்த மாதிரி வரவில்லை. அந்த முதல் பிரதியில் ஒரு பத்தி இருந்தது, அது எப்படித் தொடங்கியது என்று இன்றுவரை எனக்கு நினைவு வரவில்லை. அந்தப் பத்திக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மறுபடி லாகின் செய்வது எனக்குப் பெரிய சிரமம் இல்லை. பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கிறேன், ஓடிபி கேட்டால் கொடுக்கிறேன். என்னை வெளியேற்றும்போது என் கையில் இருந்த வேலையையும் சேர்த்துத் தூக்கி எறிகிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் பயன்படுத்துபவர் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி நெறிமுறைக்கு இயல்பாகவே நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள். இந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி குக்கீயைக் கொண்டுவந்தார். உலாவியிடம் ஒரு சிறு சீட்டைக் கொடுத்துவைப்பது, அடுத்த முறை வரும்போது அந்தச் சீட்டைக் காட்டச் சொல்வது, அவ்வளவுதான். வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ள, அவர் பாதியில் விட்டதைத் தொடர வைக்கத்தான் அந்தச் சீட்டு பிறந்தது. இன்று அதே சீட்டு காலாவதியாகிவிட்டது என்று சொல்லித்தான் எங்களைப் பாதியில் நிறுத்துகிறீர்கள்.

காலாவதி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பெரும்பாலான தளங்களில், சர்வருக்குக் கடைசிக் கோரிக்கை எப்போது வந்ததோ அங்கிருந்து கடிகாரம் ஓடுகிறது. அதற்குப் பிறகு கோரிக்கை வராவிட்டால் 'செயலற்ற நிலை' என்று பதிவாகிறது. நான் பெட்டிக்குள் தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தும் என் உலாவியிலேயே நிற்கிறது, சர்வருக்குப் போவதில்லை. அதாவது, நான் மிகக் கவனமாக வேலை செய்துகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கணக்கில் நான் அங்கே இல்லவே இல்லை. வெறுமனே பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டிருப்பவரை இந்த முறை விழித்திருப்பவராகப் பார்க்கிறது. யோசித்து எழுதுபவரையும், நீண்ட விதிமுறைகளை வரி வரியாகப் படிப்பவரையும், தேவையான சான்றிதழை அலமாரியில் தேடி எடுத்து வருபவரையும் போய்விட்டவராக எழுதிக்கொள்கிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. எத்தனை நிமிடம் என்பதை யாரோ உட்கார்ந்து, எங்கள் படிவத்தை நிரப்ப இவ்வளவு நேரம் ஆகும், இங்கே இருக்கும் ஆபத்து இவ்வளவு என்று எடைபோட்டு முடிவு செய்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பல இடங்களில் அப்படி நடக்கவில்லை என்று தெரிகிறது. இணையதளம் கட்டப் பயன்படும் சில கருவிகளைப் பாருங்கள். பி.எச்.பி என்ற நிரல்மொழியில் செஷன் தரவின் ஆயுள் இயல்பாக 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ஏ.எஸ்.பி டாட் நெட்டில் 20 நிமிடம். டாம்கேட் சர்வரில் 30 நிமிடம். ஜாங்கோவில் 2 வாரம். மென்பொருளோடு இவை சேர்ந்தே வருகின்றன. யாரும் மாற்றாவிட்டால் அப்படியே இருக்கும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே விண்ணப்பப் படிவத்தை ஒரு குழு ஜாங்கோவில் கட்டினால் எனக்கு இரண்டு வாரம் கிடைக்கிறது, இன்னொரு குழு பி.எச்.பியில் கட்டினால் 24 நிமிடம் கிடைக்கிறது. படிவம் ஒன்று, ஆள் ஒன்று, ஆபத்தும் ஒன்று. என் பத்தி பிழைத்ததா போனதா என்பது எந்தக் கருவி கைக்கு வாகாக இருந்தது என்பதைப் பொறுத்திருக்கிறது. பி.எச்.பியில் இன்னொன்றும் உண்டு. 24 நிமிடம் கடந்த தரவு உடனே அழிவதில்லை. குப்பையாகக் கருதப்படும், பெருக்கித் தள்ளும் வேலை எப்போது நடக்கும் என்பது இயல்பான அமைப்பில் ஓரளவு தற்செயல். அதனால்தான் ஒரு நாள் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது, மறுநாள் அதே தளம் கைவிட்டுவிடுகிறது. பயன்படுத்துபவர்கள் 'சில சமயம் போய்விடுகிறது' என்று புகார் சொல்லும்போது அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

செஷன் போவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன, அவற்றில் நீண்ட நேரம் நிற்க விரும்பவில்லை. செஷன்களை சர்வரின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தால், நீங்கள் புதுப் பதிப்பை ஏற்றி சர்வரை மறுதொடக்கம் செய்யும் நிமிடத்தில் உள்ளே இருந்த அத்தனை பேரும் வெளியே வருகிறோம். செஷனை ஐ.பி முகவரியோடு, அதாவது இணைய இணைப்புக்குக் கிடைக்கும் எண்ணோடு, கட்டிவைத்திருந்தால், கைப்பேசி வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிய உடனே நான் அந்நியன் ஆகிவிடுகிறேன். வீட்டு வாசலைத் தாண்டியதற்காக ஒருவரை வெளியேற்றுவதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

'என்னை நினைவில் வை' என்ற கட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதை டிக் செய்தும் மறுநாள் வெளியே நிற்பவர்கள் ஏராளம். சஃபாரி உலாவி 2019 முதல், பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல் (ஸ்கிரிப்ட்) எழுதும் குக்கீகளை 7 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆனால் சர்வரே நேரடியாக எழுதும் குக்கீகளுக்கு அந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது, குரோம் உலாவி 400 நாள் வரை அனுமதிக்கிறது. அந்தக் கட்டம் வேலை செய்யாது என்றால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இருந்தால், அது சொல்வதைச் செய்ய வேண்டும். எத்தனை நாள் நினைவில் வைப்பீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பாதுகாப்புக்காகத்தான் செய்கிறோம் என்பீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பலர் பயன்படுத்தும் பொதுக் கணினியில் ஒருவர் கணக்கைத் திறந்தபடி விட்டுவிட்டு எழுந்து போகலாம். அடுத்து உட்காருபவர் கையில் அவருடைய பணமோ மருத்துவக் குறிப்போ சிக்கக் கூடாது. அங்கே வெளியேற்றத்தான் வேண்டும், சீக்கிரமாகவே வேண்டும். இணையப் பாதுகாப்புக்கு வழிகாட்டும் ஓவாஸ்ப் அமைப்பு, அதிக மதிப்புள்ள செயலிகளில் 2 முதல் 5 நிமிடம், ஆபத்து குறைந்தவற்றில் 15 முதல் 30 நிமிடம் என்ற அளவுகளைப் பொதுவாகச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். எங்கே எவ்வளவு ஆபத்து என்று பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அடையாள வழிகாட்டியும் இதே போலத்தான் படி வைத்தது. ஆபத்து குறைந்த முதல் நிலைக்கு 30 நாளுக்கு ஒருமுறை மீண்டும் அடையாளம் கேட்டால் போதும். அடுத்த நிலைக்கு 12 மணி நேரம், அல்லது 30 நிமிடம் அசைவில்லாமல் இருந்தால். அதற்கும் மேலே உள்ள நிலைக்கு, 15 நிமிடம் அசைவில்லாமல் இருந்தாலே. கடன் அட்டை, பற்று அட்டை போன்ற கட்டண அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரத்திலும் 15 நிமிட விதி ஒன்று உண்டு. அது அந்த அமைப்புகளை இயக்கும் ஊழியர்களின் கணக்குகளுக்கு வைத்தது, அட்டை வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு வைத்தது அல்ல.

மிகக் கடுமையான இடத்துக்கு எழுதிய எண்ணை எடுத்து, செய்முறைக் குறிப்பு படிக்கும் தளத்துக்கும் புத்தகப் பட்டியல் வைக்கும் தளத்துக்கும் ஒட்டவைப்பதில்தான் எனக்குச் சண்டை.

எந்த ஆபத்துக்கு இந்த மருந்து என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். செயலற்ற நேர வரம்பு முக்கியமாக, அதே நாற்காலியில் அடுத்து உட்காரும் ஆளைத் தடுக்கிறது. தீநிரல் வழியாக என் குக்கீயைத் திருடுபவர் 24 நிமிடம் காத்திருக்கப் போவதில்லை. கையில் கிடைத்த உடனே பயன்படுத்துவார், கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருந்து செஷனை உயிரோடும் வைத்திருப்பார். அவருக்கு உங்கள் கடிகாரம் ஓடுவதே இல்லை. நின்று யோசிக்கும் உரிமையாளருக்குத்தான் ஓடுகிறது. இன்று பெரும்பாலோர் தளங்களைத் திறப்பது சொந்தக் கைப்பேசியில், அதற்குத் தனியாகத் திரைப்பூட்டும் இருக்கிறது. அந்தப் பூட்டைத் திறந்து உள்ளே வந்தவரிடம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை யார் நீ என்று கேட்பதால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது?

கிடைப்பதைவிட இழப்பது அதிகம் என்பது என் எண்ணம். என் நண்பர் ஒருவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு நாளைக்குப் பலமுறை லாகின் பக்கம் முளைக்கும். முளைத்தவுடன் பாஸ்வேர்டைத் தட்டுவது அவருக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. ஒரு நாள் மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்பைத் திறந்தார், லாகின் பக்கம் வந்தது, வழக்கம்போல் தட்டினார். அது போலிப் பக்கம். முகவரியைப் பார்க்கவில்லையா என்று எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள். நாளுக்குப் பத்து முறை கேட்டுக் கேட்டு, பார்க்காமல் தட்டும் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்தியது யார் என்று யாரும் கேட்கவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் நிர்வாகிகளுக்கான வழிகாட்டியிலேயே இதை எச்சரிக்கிறது: யோசிக்காமல் கடவுச்சொல் கொடுக்கப் பழகியவர்கள் தீய பக்கத்துக்கும் அதைக் கொடுத்துவிடக்கூடும் என்று. அவர்களுடைய நிறுவன அடையாள சேவையில் மறுபடி கேட்பதற்கான இயல்பு வரம்பு 90 நாள்.

அடிக்கடி கேட்டால் இன்னொன்றும் நடக்கும், உங்களுக்கே தெரியும். தட்டுவதற்கு எளிதான பாஸ்வேர்டாக மாற்றிவைப்போம். திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டுவோம்.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. ஒரே விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவார். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிப்பதால் ஒரு பக்கத்தைப் பார்த்து முடிக்கவே எனக்கு ஆவதைப்போல நாலைந்து மடங்கு நேரம் ஆகும். ஆனாலும் தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. ஒரு சேவைக்கான படிவத்தை மூன்று நாள் தொடர்ந்து முயன்றார். ஒவ்வொரு நாளும் கடைசிப் பகுதிக்கு வருவதற்குள் தளம் வெளியேற்றிவிட்டது. மூன்றாம் நாள், "எனக்கு இதெல்லாம் வராதுடா, நீயே போட்டுக் கொடுத்துடு" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நான் நிரப்பினேன், 12 நிமிடத்தில் முடிந்தது. அம்மாவின் பாஸ்வேர்டு, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். நான் மகன் என்பதால் பரவாயில்லை. மகனோ மகளோ பக்கத்தில் இல்லாதவர்கள் யாரிடம் கைப்பேசியை நீட்டுவார்கள்? பாதுகாப்புக்காக வைத்த வரம்பு, ஒருவரைத் தன் ரகசியத்தை வேறொருவர் கையில் கொடுக்க வைக்கிறது.

அதைவிட எனக்கு வலித்தது அந்த 'எனக்கு வராது' என்ற சொல். அம்மாவுக்கு வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதிலைத்தான் போட்டிருந்தார். நேரம்தான் போதவில்லை.

இதற்கு ஏற்கெனவே விதி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் தளங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பிலேயே, அதுவும் மிக அடிப்படையான முதல் நிலையிலேயே, நேர வரம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். வரம்பை நிறுத்திவைக்க வழி கொடுங்கள், அல்லது இயல்பைவிடக் குறைந்தது பத்து மடங்கு வரையாவது நீட்டிக்க விடுங்கள், அல்லது முடிவதற்கு முன் எச்சரித்து, ஒரு விசையைத் தட்டுவது போன்ற எளிய செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுங்கள், குறைந்தது பத்து முறையாவது அப்படி நீட்டிக்க முடியட்டும். ஏலம் போன்ற சில இடங்களுக்கு விலக்கு உண்டு. அதே ஆவணத்தின் உயர்ந்த நிலையில், செஷன் முடிந்து மறுபடி உள்நுழைந்தாலும் தரவு எதுவும் இழக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும் என்றும் இருக்கிறது. 2018-இல் வந்த 2.1 பதிப்பு, எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் தரவு போய்விடும் என்பதை முன்கூட்டியே சொல்லச் சொன்னது. 20 மணி நேரத்துக்கு மேல் தரவைக் காப்பாற்றி வைப்பவர்களுக்கு மட்டும் அது தேவையில்லை. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. உங்கள் துறை தனக்குத் தானே எழுதிக்கொண்டதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில், எழுதியதைக் காப்பாற்றுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை வரைவாக சர்வரில் சேமித்துவிட்டால், என்னை எப்போது வெளியேற்றினாலும் எனக்குப் புகார் இல்லை. பொதுக் கணினியில் அடுத்தவர் கண்ணில் பட்டுவிடுமே என்ற கவலையும் இல்லை, ஏனென்றால் வரைவு என் கணக்குக்குள் இருக்கிறது, நான் மறுபடி உள்நுழைந்தால்தான் தெரியும். உள்நுழைந்த பிறகு முகப்பில் கொண்டுபோய் விடாதீர்கள். எங்கே இருந்தேனோ அங்கே விடுங்கள். காலாவதியான செஷனோடு நான் 'சேமி' அழுத்தினால், அந்தக் கோரிக்கையை வீசாமல் பிடித்து வைத்துக்கொண்டு, லாகின் முடிந்ததும் நிறைவேற்றுங்கள். இது ஒன்றைச் செய்திருந்தாலே என் பத்தி இருந்திருக்கும்.

தட்டச்சையும் நடமாட்டமாக எண்ணுங்கள். பெட்டிக்குள் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதை உலாவி சர்வருக்குச் சொல்ல நாலைந்து வரி நிரல் போதும்.

அப்புறம், வாசலில் கேட்பதைவிடப் பெட்டகத்தின் முன்னால் கேளுங்கள். என் பட்டியலைப் பார்க்கவும் பழைய பதிவைப் படிக்கவும் என்னை அப்படியே இருக்க விடுங்கள். பணம் அனுப்பும்போது, பாஸ்வேர்டை மாற்றும்போது, கணக்கை அழிக்கும்போது கேளுங்கள். மனதார வரவேற்பேன். நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் இப்படித்தான் செய்கிறது. நாள்கணக்கில் உள்ளேயே இருக்கலாம், முக்கியமான அமைப்பைத் தொடும்போது மட்டும் நீங்கள்தானா என்று உறுதிசெய்கிறது. எந்தெந்தக் கருவியில் என் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைக் காட்டி, வேண்டாததை நானே மூடும் வசதியையும் கொடுங்கள். என் கணக்கைப் பற்றி உங்களைவிட எனக்கு அக்கறை அதிகம். அந்தப் பொறுப்பில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும்.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும்போதும் கடுமையைக் குறைக்கலாம். 2022-இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து, பாஸ்வேர்டு இல்லாமலே உள்நுழைய உதவும் பாஸ்கீ முறைக்கு ஆதரவு தருவதாக அறிவித்தன. விரல்ரேகையோ முகமோ போதும், தட்டச்சே தேவையில்லை. அது உங்கள் தளத்துக்கு வரும்வரை, பாஸ்வேர்டுப் பெட்டியில் நகலெடுத்து ஒட்டுவதையாவது (பேஸ்ட்) தடுக்காதீர்கள். ஒரு விரலால் தட்டுபவருக்கு 16 எழுத்துக் கடவுச்சொல் என்பது பெரிய ஏற்றம்.

உங்களில் பலர் இதையெல்லாம் செய்ய விரும்பி, கூட்டங்களில் சொல்லி, 'பாதுகாப்பு விஷயம், கை வைக்க வேண்டாம்' என்ற பதிலோடு திரும்பியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இந்த மடல் பயன்பட்டால் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் பதிலைச் சொன்னவருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தளத்தின் அமைப்புக் கோப்பைத் திறக்கச் சொல்லி அந்த எண்ணைப் பாருங்கள். 1440, 20, 30, எதுவாகவோ இருக்கும். அதை யார் வைத்தார், எந்த ஆபத்தை நினைத்து வைத்தார் என்று கேளுங்கள். பிறகு உங்கள் தளத்திலேயே மிக நீளமான படிவத்தை எடுத்து, ஒரே ஒரு விரலால், ஒவ்வொரு கேள்வியையும் படித்து யோசித்து, கேட்கும் சான்றிதழை எழுந்துபோய்த் தேடி எடுத்து வந்து, நீங்களே நிரப்புங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தளங்களைத் தினமும் பயன்படுத்தும் ஒருவன்